பத்தொன்பதாவது சுற்று

மழை தொடங்கிய வாரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் நடக்கும் எங்கள் மாலை கைவேலை வகுப்புக்கு முதல் ஆர்டர் வந்தது. குரோஷா ஊசியால் பருத்தி நூலில் பின்னும் தோள்பை. ஆறு பேருக்குக் கொடுத்தார்கள், ஆளுக்குப் பன்னிரண்டு. யாருடைய பன்னிரண்டு தேறுகிறதோ அவர்களுக்கு இனி மாதாமாதம் வீட்டிலிருந்தே வேலை என்று பேச்சு.

எனக்குக் கொடுக்கவில்லை. என் பின்னலில் ஒரு கண் இறுகும், அடுத்த கண் தொளதொளவென்று கிடக்கும். டீச்சர் எனக்கு நோட்டு எழுதும் வேலையைத் தந்தார். யார் எத்தனை பை முடித்தார்கள், எந்தச் சுற்றில் நிற்கிறார்கள் என்று தேதி போட்டு எழுதுவேன். அந்த நோட்டையும் என் நாட்குறிப்பையும் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்றே சொல்லிவிடுகிறேன்.

ஆறு பேரில் ஒருத்தி என் கீழ்வீட்டு அக்கா. ஒரே நடைபாதையைப் பார்த்து எட்டு வீடுகள் உள்ள வரிசை அது. மூலையில் பொதுக் குழாய், அதன் மேலே துணிக்கொடி. அவர்கள் வீட்டுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நான் குடியிருந்தேன். கீழே ஒன்றரை அறை. முழு அறையில் ஒரு கட்டில், அதில் அக்காவின் கணவர். அரை அறையில் அடுப்பும் மாமியாரும். கணவர் லாரி டிரைவர். எல்லாருக்கும் டிரைவர் அண்ணன். எட்டு மாதத்துக்கு முன் நனைந்த தார்ப்பாயைத் தனியாளாக இழுத்துக் கட்டப் போய் முதுகில் ஏதோ நகர்ந்துவிட்டது. அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அக்கா காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஒரு விடுதியில் படுக்கை விரிப்புத் துவைக்கப் போவாள். இரண்டரைக்கு வந்து கஞ்சியைக் குடித்துவிட்டு ஊசியை எடுப்பாள். ஐந்தரைக்கு வகுப்பு.

அக்காவுக்கு இடக்கைப் பழக்கம். வகுப்பில் சேர்ந்த முதல் நாள் டீச்சர் ஊசியை எடுத்து அவள் வலக்கையில் வைத்தார். அக்கா வாங்கி இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். டீச்சர் மறுபடி மாற்றினார். மூன்றாம் முறை குடைக்காரி சத்தமாகச் சிரித்துவிட்டாள். இவள் குடை ரிப்பேர்காரரின் மனைவி. வாய் சும்மா இருந்தால் பல் வலிக்கும் என்று தானே சொல்லிக்கொள்வாள்.

"விடுங்க டீச்சர், எந்தக் கைல போட்டா என்ன, பைக்குள்ள காத்தா அடிக்கப்போகுது?"

டீச்சர் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் அக்காவிடம் பார்த்ததெல்லாம் எண்ணிக்கைதான். சுற்றுக்கு எண்பது கண், முப்பத்தாறு சுற்று. அக்காவின் எண்ணிக்கை ஒரு நாளும் தப்பியதில்லை.

மாமியார் மட்டும் விடவில்லை. "பீச்சாங்கையால பின்னினா விளங்குமா? சோறு போடுறப்பதான் வலது கைக்கு வர்றா, மத்ததுக்கெல்லாம் அந்தக் கைதான்."

"கரண்டி கனமில்ல அத்தை, அதான் வலது கையே போதும்" என்பாள் அக்கா, தலை நிமிராமல்.

நான் பகலில் மருந்துக் கடையில் வேலை செய்தேன். டிரைவர் அண்ணனுக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது என் பொறுப்பு. ஒரு நாள் கடையில் கரண்டு போனதால் மதியமே திரும்பிவிட்டேன். மாத்திரையோடு கீழ்வீட்டுக்குள் நுழைந்தால், டிரைவர் அண்ணன் மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் ஒரு பாதிப் பையை வைத்துக்கொண்டு, வலக்கையில் ஊசியோடு கண் எண்ணிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்தார். ஊசி போர்வையில் மாட்டிக்கொண்டது.

"மாத்திரையா? அங்க வை தங்கச்சி." நான் வைத்தேன். "பாத்துட்ட."

"நான் ஒண்ணும் பாக்கலைண்ணே."

"அறுபத்தி மூணுல நின்னேன். இப்ப திரும்ப எண்ணணும்."

அரை அறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "பாத்துட்டாளா? நல்லது. ஊர் பூரா சொல்லு. பதினாறு டயரு லாரி ஓட்டின பையன் இப்ப பொம்பளைங்களுக்குப் பை பின்னுறான்னு சொல்லு."

"அம்மா, லாரிக்குப் பத்து டயர்தான்."

"பத்தாத்தான் இருக்கட்டும்! மானம் போறதுக்கு அது போதாதா?"

பிறகு அக்காவே சொன்னாள். முதலில் அவர் நூல் சிக்கெடுத்துக் கொடுத்தார். அப்புறம் கண்டு சுற்றிக் கொடுத்தார். ஒரு நாள் அவள் வேலைக்குப் போன நேரத்தில் விட்ட இடத்திலிருந்து நாலு சுற்று போட்டு வைத்திருந்தார். அவருடைய கண்கள் அவளுடையதைவிடச் சீராக இருந்தன. "ஸ்டியரிங் பிடிச்ச கையில்ல, நடுங்காது" என்றாள். எட்டுப் பைகளை அவளே முழுதாக முடித்திருந்தாள். கடைசி நான்கில் அடியும் பதினெட்டுச் சுற்றும் அவள் போட, பத்தொன்பதிலிருந்து அவர் போட்டார். வலக்கையால் போடும் அவர் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார் என்பதை இருவருமே பார்த்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் சுற்றினால் என்ன, வட்டம்தானே என்று நினைத்துவிட்டார்கள். அந்த வீட்டில் ஒரே ஒரு பல்பு. அதுவும் மழை நாளின் இருட்டு. கை மாறியது அங்கே கண்ணுக்குத் தெரியவே இல்லை.

"வகுப்புல சொல்லிடாத. சுவத்துல விதி ஒட்டியிருக்காங்க இல்ல?"

எனக்குத் தெரியும். கரும்பலகைக்குப் பக்கத்தில், வகுப்பை நடத்தும் சங்கத்தின் விதிகள் ஒட்டியிருக்கும். மூன்றாவது விதி: பொருள்கள் உறுப்பினரான பெண்ணின் கையாலேயே செய்யப்பட வேண்டும், மீறினால் பெயர் நீக்கப்படும். சங்கம் இந்த விதியை வைத்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு வகுப்பில் சிலர் ஆர்டரை வாங்கி வெளியே கொடுத்து, நடுவில் தரகர்கள் புகுந்து, கடைசியில் பெண்கள் கையில் ஊசிகூட மிஞ்சவில்லையாம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் காட்டிக்கொடுத்தது நான்தான்.

திங்கட்கிழமை மாலை கடைக்காரம்மா பைகளைப் பார்க்க வந்தார். ஆர்டர் அவருடையது. பருத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, கையில் டீச்சர் முதலில் பின்னிக் கொடுத்திருந்த மாதிரிப் பை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானவை. அவர் ஒன்றில் உட்கார்ந்தார், அது முனகியது. குடைக்காரி என் காதில், "அது இனிமே பெஞ்சு இல்ல, பலகை" என்றாள்.

ஐந்து பேருடைய பைகள் தேறின. அக்காவின் பன்னிரண்டை நான் கரும்பலகைக்கு மேலிருந்த ஆணி வரிசையில் மாட்டினேன். வரிசையாக மாட்டினால் எண்ண எளிது என்பது என் பழக்கம். மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்தேன். பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டுப் பைகளில் கண்கள் அடியிலிருந்து வாய் வரை ஒரே பக்கமாக, இடப்பக்கம் சாய்ந்து ஏறின. கடைசி நான்கில் பாதி உயரம் வரை இடப்பக்கம் ஏறி, அங்கிருந்து முழங்கால் மடங்கியது போல வலப்பக்கம் திரும்பின.

"டீச்சர், இந்த நாலுல மட்டும் சாய்வு மாறுது" என்றேன். "பத்தொன்பதாவது சுத்துல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

கடைக்காரம்மா எழுந்து வந்தார். மாதிரிப் பையை நான்கில் ஒன்றுக்குப் பக்கத்தில் பிடித்தார். மாதிரி வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"மேல்பாதி சரியா இருக்கு. கண்ணு கண்ணா அச்சடிச்ச மாதிரி. கீழ்ப்பாதிதான் ஏறுமாறு. இந்த எட்டும் முழுக்க ஏறுமாறு."

டீச்சரின் முகம் மாறிவிட்டது. நாலு மாதமாகத் தன் கண்ணெதிரே இருந்த சாய்வைப் பார்க்காமல் விட்ட சங்கடமும் அதில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அக்காவிடம் திரும்பினார். "ரெண்டு கை தெரியுது. மாதிரியோட பொருந்துற மேல்பாதி உன்னுது, சரி. மீதியை யார்கிட்ட குடுத்துப் போட்ட?"

  குடைக்காரி அக்காவின் முழங்கையைக் கிள்ளினாள். "மேல்பாதி என்னுதுன்னு சொல்லு. கீழ நாத்தனார் விளையாட்டாப் போட்டான்னு சொல்லிட்டு, இனி இப்படியே போடுறேன்னு சொல்லு. முடிஞ்சுது."

அவ்வளவு எளிதாகத்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல். பிறகு வீட்டில் அவர் போடுவார், இவள் கொண்டுவந்து கொடுப்பாள். பார்ப்பவர்கள் கண்ணுக்கு மாதிரியோடு அச்சாகப் பொருந்தும்.

அக்கா எழுந்து போய் எட்டில் ஒரு பையைக் கழற்றினாள்.

"இது முழுக்க என்னுது டீச்சர். அந்த நாலுல கீழ்ப்பாதி என்னுது. மேல்பாதி எங்க வீட்டுக்காரர் போட்டது."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

யாரோ சிரித்தார்கள். "டிரைவரா? ஹாரன் அடிச்சுக்கிட்டே போட்டாரா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். குடைக்காரி திரும்பி, "உன் வீட்டுக்காரரு அதுகூட அடிக்க மாட்டாரு, மூடு வாயை" என்றாள்.

டீச்சர் விதித் தாளைப் பார்த்தார். "மூணாவது விதி..."

"தெரியும் டீச்சர். மீறிட்டேன். அதுக்கு என்ன உண்டோ செய்யுங்க. ஆனா என் கை போட்ட பையை ஏறுமாறுன்னு சொல்லாதீங்க." கடைக்காரம்மாவிடம் பையை நீட்டினாள். "மாதிரிப் பை மாதிரியே இல்ல, ஒத்துக்கறேன். பை இல்லன்னு சொல்லுங்க பாப்போம். இழுத்துப் பாருங்க."

கடைக்காரம்மா இழுத்துப் பார்த்தார். வாயை விரித்து உள்ளே கையை விட்டார். பிறகு அலமாரியிலிருந்த பிள்ளைகளின் சிலேட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கத் தொடங்கினார். பதினாலு சிலேட்டு, நான் எண்ணினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், திரும்பி வந்தார். சட்டையைப் போட்டுப் பார்க்கிறவர் போல ஒரு பக்கம் குனிந்தும் பார்த்தார்.

"தாங்குது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் பக்கம் சாஞ்சா எனக்கென்னம்மா? கடையில வரிசையாத் தொங்கும். பன்னிரண்டும் ஒரே பக்கம் சாயணும். ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படின்னா வர்றவங்க தலையைச் சாச்சுச் சாச்சுப் பாத்துட்டு வாங்காமப் போயிடுவாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். பன்னிரண்டு, ஒரே கை. யார் கைன்னு உங்க டீச்சர் சொல்லட்டும்."

டீச்சர் விதித் தாளை மறுபடி பார்த்தார். பிறகு, "நாலையும் பிரி. நீயே போடு. இந்தத் தடவை பேர் இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் அக்காவின் குடைக்குள்ளேயே நடந்தேன். "அக்கா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ எண்ணுறவ. எண்ணித்தான் சொல்லுவ. விடு." கொஞ்ச தூரம் போனதும், "ஆனா உன் வாயில பூட்டு ஒண்ணு பின்னி மாட்டணும். குரோஷாலயே" என்றாள். அவள் சிரித்தாளா என்று குடையின் இருட்டில் தெரியவில்லை.

உள்ளே வரச் சொன்னாள். வாசலிலேயே நின்றேன்.

டிரைவர் அண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். "என்ன ஆச்சு?"

"நீங்க போட்டது மாதிரியோட அச்சா பொருந்துதாம். கண்ணு கண்ணா இருக்காம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "நெஜமாவா? அந்தக் கடைக்காரம்மாவா சொன்னது?"

"அவங்கதான்."

"அம்மா, கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்" என்றார் மாமியார். குரல் சற்று இளகியிருந்தது. "என் புள்ளை எதைத் தொட்டாலும் ஒழுங்கா இருக்கும். அந்தக் கை அப்படி."

"என் எட்டுதான் ஏறுமாறாம்" என்றாள் அக்கா. "அப்புறம் எடுத்துக்கறேன்னாங்க. பன்னிரண்டும் என் பக்கம் சாயணும். உங்க நாலையும் பிரிக்கணும்."

அவர் மெல்லத் தலையணையில் சாய்ந்தார். "என்னுதைப் பிரிக்கணுமா? சரியா இருக்கறதையா?"

"ஆமா."

"ஏய், கொஞ்சம் யோசிச்சுப் பாரு. எனக்கு நாள் பூரா வேலை இல்ல. நீ துவைச்சுட்டு வந்து வீங்கின விரலோட ஒக்கார்ற. பன்னிரண்டையும் நான் போட்டுடறேன். நீ கொண்டுபோய்க் குடு. பேரு உன் பேராவே இருக்கட்டும்."

"பேரு மட்டும் என்னுது."

"காசு வீட்டுக்குத்தானே வருது?"

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் மாமியார். "எந்தக் கையில வந்தா என்ன?"

அக்கா கூடையை இறக்கி வைத்தாள். கோபமாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. நாட்குறிப்பிலும் 'மெதுவாகச் சொன்னாள்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"ஏங்க, நீங்க எந்திரிச்சா லாரி இருக்கு. இல்லாட்டி ஷெட்டு இருக்கு, லோடு சீட்டு எழுதற வேலை இருக்கு. நாலு பேர் வந்து கூப்பிடுவாங்க. எனக்கு அந்த விடுதி விரிப்பை விட்டா இது ஒண்ணுதான். நாலு மாசம் அந்தச் சின்னப் பெஞ்சுல முட்டியை மடக்கிக் கத்துக்கிட்டேன். இன்னைக்கு உங்க பையை என்னுதுன்னு சொல்லிட்டு வந்தா, நாளைக்கு அந்தம்மா முன்னாடி ஒக்காந்து ஒரு சுத்து போடுன்னு சொன்னா நான் எந்தக் கையால போடுவேன்?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போடக் கூடாதுன்னு சொல்லலை. போடுங்க. அடியில இருந்து தனியா ஒண்ணு போடுங்க, உங்க பக்கமே சாயட்டும். என் பையில பாதியில ஏறாதீங்க."

"எட்டு மாசத்துல உருப்படியா செஞ்சது அந்த நாலு அரைப்பைதான்" என்றார் அவர்.

 அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. மாமியார் போய் அதை இறக்கினார். மூன்று டம்ளரில் தேநீர் ஊற்றியவர், என்னைப் பார்த்துவிட்டு நாலாவதை எடுத்தார். 

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டிரைவர் அண்ணன் கையை நீட்டினார். "குடு."

அக்கா ஒரு பையைக் கொடுத்தாள். அவர் அதன் வாய் ஓரத்தில் தடவி, தான் முடிச்சுப்போட்ட இடத்தைக் கண்டுபிடித்து, பல்லால் கடித்து அவிழ்த்தார். நுனியை இழுத்தார். கண்கள் ஒவ்வொன்றாகப் படபடவென்று அவிழ்ந்தன. போடுவதற்கு ஒரு முழு நாள் ஆன பதினெட்டுச் சுற்றும் நாலைந்து நிமிடத்தில் அவர் நெஞ்சின் மேல் சுருள் சுருளாகக் குவிந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்து அதைக் கண்டாகச் சுற்றினாள். அவள் போட்ட சுற்று வந்ததும் அவரே நிறுத்தினார்.

"பத்தொன்பது" என்றார். "இங்கேருந்து உன்னுது."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து ஆணி வரிசையில் தொங்கின; கடைக்காரம்மா எடுத்துக்கொண்டார்; அடுத்த மாதப் பட்டியலில் அக்காவின் பெயரை நானே எழுதினேன். ஆனால் நான் சொல்ல வந்தது செவ்வாய்க்கிழமைக் காலையைப் பற்றி.

பிரித்த நூல் நேராக இருக்காது. நூடுல்ஸ் போலச் சுருண்டு நிற்கும். அதைக் கொண்டு அப்படியே பின்னினால் கண்கள் மேடு பள்ளமாகும். நனைத்து, கொடியில் தொங்கவிட்டு, அடியில் கனம் கட்டினால்தான் சுருள் விடும். அன்று மழை விட்டிருந்தது. அக்கா அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நான்கு பைகளின் நூலையும் அலசி, குழாயடிக் கொடியில் நீள நீள வளையங்களாகத் தொங்கவிட்டாள். கனத்துக்கு என்ன கட்டுவது என்று தேடியபோது டிரைவர் அண்ணன் கட்டிலுக்கடியைக் காட்டினார். அங்கே அவருடைய லாரி ஸ்பேனர்கள் துணியில் சுற்றிக் கிடந்தன. அக்கா நாலு வளையத்திலும் வளையத்துக்கு ஒரு ஸ்பேனராக மாட்டினாள்.

தண்ணீர் பிடிக்க வந்த எட்டு வீட்டுக்காரர்களும் அதைப் பார்க்காமல் குடத்தை வைக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர், பழைய லாரி கிளீனர், வாயில் பல் துலக்கும் பிரஷோடு நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, நூலுக்கு ஸ்பேனர் போட்டு முடுக்குறீங்க? யாரு பின்னினது, எதுக்குப் பிரிச்சீங்க?"

அக்கா வளையங்களின் ஈரத்தை உருவிக்கொண்டிருந்தாள். பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். மாமியார் வாசலில் நின்று மகனின் பக்கம் திரும்பாமலே, சொல்லாதே என்று அவளுக்குக் கையை ஆட்டினார்.

டிரைவர் அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். இடுப்புப் பட்டையும் பனியனுமாக. அவர் நடைபாதையில் நின்று நான் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நோட்டில் இல்லை.

"நான் பின்னினதுதான்" என்றார் சத்தமாக. "நாலு பை. தப்பாப் போட்டுட்டேன், பிரிச்சுட்டோம்."

கிளீனர் பிரஷை வாயிலிருந்து எடுத்தார். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குடத்தை நகர்த்தவில்லை.

அக்கா கடைசி வளையத்தின் ஈரத்தை உருவிவிட்டு நிமிர்ந்தாள்.

"தப்பா ஒண்ணும் போடலை" என்றாள். "அவர் பக்கமாப் போட்டிருந்தார்."